கீற்றின் முறையே எழுத்தின் உயிர்!

‘எழுத்தின் வடிவம் சரியாயிருந்தாற் போதாதா? எக்கோட்டை முன்னிழுத்தால் என்ன, எக்கோட்டைப் பின்னிழுத்தால் என்ன?’ சீன எழுத்தைக் கற்கப் புகுவோருட் பலர் எழுப்பும் வினா இது. அறிவார்ந்த வினாப்போல் தோன்றும் இதனடியிற் கிடப்பது சோம்பலே என்க.

அவ்வெழுத்தின் கீற்றுமுறைதான் யாது? மேலது முன், கீழது பின். இடம் முன், வலம் பின். குறுக்கும் நெடுக்கும் வெட்டுமிடத்துப் பெரும்பாலும் குறுக்கு முன், நெடுக்குப் பின். சூழ்வது முன், உள்ளடங்குவது பின். மூடுங்கோடு யாவற்றினும் பின். ‘நாடு’ எனப் பொருள்படும் ‘குவோ’ என்னும் எழுத்தைக் காண்க. இற்றைச் சீனத்தின் எளிய வடிவில் அதற்குக் கீற்றுகள் எட்டு. முதலிரண்டு கீற்றுகளால் இடமும் மேலும் வலமும் சுவர் எழும். அடுத்த ஐந்தால் உள்ளே ‘பச்சைமணிக்கல்’ என்னும் எழுத்து அமரும். எட்டாங் கீற்றே அடியை மூடும். உள்ளே புகுந்தபின் கதவடை என்று சிறார்க்கு அங்குச் சொல்லிக்கொடுப்பர். கதவை முன்னரே அடைத்துவிட்டவன் உள்ளெழுத்தை அளவறியாது திணிக்கின்றான், எழுத்துப் பிதுங்குகின்றது.

இனி, விரைவெழுத்துக்கு வருவோம். கோலை முற்றும் எடுக்காது ஓடவிட்டெழுதுங்கால் ஒரு கீற்றின் முடிவு அடுத்த கீற்றின் தொடக்கத்தோடு இழையும். முறை தவறின் இழையும் தவறும், படிப்பவன் திகைப்பான். வடிவம் மட்டுமே போதுமென்பார் இதற்கு என்ன விடை சொல்வர்?

‘சீனத்தில் ஒரு முறை, சப்பானில் ஒரு முறை, ஆகவே சரியான முறை என்று ஒன்றில்லை’ என்பாரும் உளர். வேறுபாடு உண்மையே. ‘இடம்’, ‘வலம்’ என்னும் ஈரெழுத்தையும் சீனர் குறுக்குக் கோட்டிலேயே தொடங்குவர். சப்பானியரோ ‘வல’த்தை மட்டும் சாய்கோட்டிலே தொடங்குவர். ஆனால், சப்பானியக் கல்வியமைச்சு 1958-இல் 881 எழுத்துகட்கு முறை வகுத்தது; சீனம் 1997-இல் 7,000 எழுத்துகட்கும், 2020-இல் 8,105 எழுத்துகட்கும் வகுத்து வெளியிட்டது. இரண்டு நெறிகள் இருப்பது நெறியின்மைக்குச் சான்றாகுமோ? சாலையில் இடப்புறம் செல்லும் நாடும் உண்டு, வலப்புறம் செல்லும் நாடும் உண்டு. அதனால் நடுவே செல்வேன் என்பானை அறிவுடையான் என்போமோ?

மூன்றாங் கூற்றே கொடியது: ‘கைப்பேசி எழுதித் தரும், கை எதற்கு?’ என்பது. 1983-இல் வாங் யோங்மின் அமைத்த ‘ஊபி’ என்னும் தட்டச்சு முறைக்கு ‘ஐங்கீற்று’ என்பதே பொருள். பழைய கைப்பேசிகளிலும் 1 முதல் 5 வரையுள்ள விசைகளில் ஐவகைக் கீற்றுகளை வைத்து, எழுதும் முறைப்படியே அழுத்தச் செய்தனர். கருவிக்கும் கீற்றுமுறை வேண்டியிருந்தது! இன்றோ பெரும்பாலோர் ஒலியை உரோமன் எழுத்தில் தட்டி, திரை நீட்டும் எழுத்துகளுள் ஒன்றைப் பொறுக்குகின்றனர். கண்டால் அறிவர், எழுதச் சொன்னால் விழிப்பர். ‘கோலெடுத்தால் எழுத்து மறதி’ என்னும் பொருளில் நான்கெழுத்துத் தொடரே அங்கு வழங்குகின்றது. 2013-இல் சீன நடுவண் தொலைக்காட்சி மாணவர்க்குச் சொல்வதெழுதும் போட்டி நடத்தியதும், நாடே அதனைக் கூர்ந்து நோக்கியதும் இந்நோயின் ஆழத்தைக் காட்டவில்லையா?

பொதுப் பயன்பாட்டுக்கென 2013-இல் சீன அரசு முதற்படியில் வைத்த எழுத்துகள் மட்டுமே 3,500. அத்துணையையும் கண் தனித்துத் தாங்காது. ஒரே வழியிற் பன்முறை சென்று பழகிய கையும் உடன் தாங்க வேண்டும். நாளுக்கொரு வழியிற் செல்லும் கைக்கு எவ்வழியும் நிலைப்பதில்லை.

1918-இல் சியென் சுவாந்தோங் சீன எழுத்தையே ஒழித்திடுக என வெளிப்பட எழுதினார். அவர் நேர்நின்ற பகைவர். எதிர்த்து வழக்காட இடமிருந்தது. எழுத்து நிலைத்தது. ஆனால், ‘வடிவம் போதும், விசை போதும்’ என்று புன்னகையோடு சொல்வாரை எதிர்த்து வழக்காடுவார் எவருமிலர். பகைவனால் வீழாத எழுத்து, எழுதாத கையால் வீழும்.

ஆகலின், சீனம் கற்பீர்! கட்டமிட்ட தாளை எடுங்கள். மேலிருந்து தொடங்குங்கள். கதவை இறுதியில் அடையுங்கள்.