கட்டுச்சோறு கட்டப் பழகுவோம்

“கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?” என்பது பழமொழி. ஊரிலிருந்து அன்னை கட்டித் தந்த புளிச்சோறு ஐதராபாத்தில் இரண்டே நாளில் தீர்ந்துவிடுகிறது. பிறகு நம்மில் பலர் வெறும் தேநீரோடு வகுப்புக்கு ஓடுகிறோம். பதினொரு மணிக்குக் கண் இருள்கிறது. நண்பர்களே, நேரமில்லை என்பது வெறும் சாக்கு என்பேன் நான்.

நம் குன்னூரிலிருந்து 1958-இல் இந்நகருக்கு வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உஸ்மானியாவுக்கு அருகே தார்நாக்காவில் இருக்கிறது. தட்டில் பாதி காய்கனியாக இருக்கட்டும் என்கிறது அதன் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டி. ஆகவே, சோறு மட்டும் போதாது. இரவே பாசிப்பயறை ஊறவையுங்கள், காலையில் சுண்டலாகிவிடும். சோற்றில் பாலை மிகுத்துத் தயிரைக் குறைத்துப் பிசைந்தால் நண்பகலில் புளிக்காது. துருவிய கேரட்டும் ஒரு கொய்யாவும் உடன் வரட்டும். அரைமணி நேர வேலைதான். கட்டிக் கொடுத்த சோறு தீரும். கட்டப் பழகிய கை என்றும் துணை நிற்கும்!