தோல் கற்பிக்கும் பாடம்

மெய், வாய், கண், மூக்கு, செவி என ஐம்பொறிகளை எண்ணும்பொழுது தமிழர் மெய்யையே முதற்கண் வைத்தனர். ஓரறிவுயிர்க்கும் உரிய அறிவு ஊறு என்பது தொல்காப்பியர் கொள்கை. ஆயினும், அவ்வறிவுக்கு இடமாகி உடம்பு முழுவதையும் போர்த்து நிற்கும் தோலை நாம் மதிப்பது குறைவு. நாணமில்லாதவனைத் "தோல் தடித்தவன்" என்று ஏசவும், குழப்படிக்காரச் சிறுவனைத் "தோலை உரிப்பேன்" என்று வெருட்டவுமே அதன் பெயரை எடுக்கின்றோம். அதன் அருமை, அது எரிந்த பின்னரே தெரிகின்றது.

யான் தமிழ் கற்பிப்பவன். விஞ்ஞானம் முறையாகக் கற்றவனல்லன். எனினும் இவ்விழா மலரில் விஞ்ஞானம் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், சாதாரண தரப் பரீட்சையில் நன்கு தேறிய மாணவனொருவன் என்னிடம் வந்தான். கணிதத்திலும் அவனுக்கு விருப்பம், உயிரியலிலும் விருப்பம். எதை எடுப்பது என்று அவன் கேட்கவில்லை. எதை விடுவது என்றே கேட்டான். எதிற் புள்ளி மிகுதியாகக் கிடைக்குமோ அதை எடு என்றேன். அவனும் அவ்வாறே கணிதப் பிரிவிற் சேர்ந்தான். அன்று யான் கூறிய விடை போதாதென இன்று கருதுகின்றேன். அவ்வாறு கருதச் செய்தது தோலைப் பற்றிய ஒரு வரலாறாகும்.

உடம்பிற் பெரும்பகுதி எரிந்தவர்க்கு இரண்டு ஆபத்துக்கள் உண்டு. உடம்பின் நீர் வெளியேறி வற்றிப்போதல் ஒன்று. கிருமிகள் தடையின்றி உட்புகுதல் மற்றொன்று. இரண்டையும் தடுப்பதற்குப் புண்ணை மூடவேண்டும். பிறர் தோலை எடுத்து ஒட்டினால் என்ன? 1940 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டில் பீற்றர் மெடவார் என்னும் விலங்கியல் அறிஞரின் வீட்டருகே விமானமொன்று வீழ்ந்தது. எரிகாயமுற்ற அவ்விமானிக்கு உதவ இயலுமா என்று வைத்தியர்கள் அவரைக் கேட்டனர். அன்று தொடங்கிய ஆராய்ச்சி அவரைக் கிளாஸ்கோ நகருக்கு இட்டுச் சென்றது. அங்கே தோமஸ் கிப்சன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணருடன் சேர்ந்து, எரிகாயமுற்ற ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரனின் தோலை ஒட்டிப் பார்த்தனர். ஒட்டிய தோல் சில காலம் இருந்து அழிந்தது. அதே சகோதரனின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது, முன்னதினும் விரைவாக அழிந்தது. உடம்பு அயலானை அறிகின்றது; அறிந்ததை நினைவிலும் வைத்திருக்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று. 1943 இல் வெளியான இவ்வுண்மையே பின்னாளில் நிர்ப்பீடனவியலின் பெருந்தூண்களுள் ஒன்றாயிற்று. 1960 இல் மெடவாருக்கும் பேர்னற் என்பவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உடன்பிறந்தான் தோலையும் ஏலாத உடம்புக்கு எதனைப் போர்ப்பது? இக்கேள்விக்கு ஒருவகை விடை கண்டவர்களுள் முதன்மையானவர் வைத்தியருமல்லர், உயிரியலாளருமல்லர். அவர் யோஆன்னிஸ் யன்னாஸ். 1935 இல் ஏதென்சிற் பிறந்து, அமெரிக்காவில் இரசாயனம் கற்று, 1966 இல் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் பொறிமுறைப் பொறியியற் பகுதியில் ஆசிரியரானார். நார்களும் பல்பகுதியங்களுமே அவர் துறை. ஒரு நார் எவ்வளவு இழுவிசை தாங்கும், எப்போது அறும் என்பன போன்ற கேள்விகளே அத்துறைக்கு உரியவை. பொஸ்ரன் நகரில் எரிகாய வைத்தியத்தில் ஈடுபட்டிருந்த ஜோன் பேர்க் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். புண்ணை விரைவில் மூடக்கூடிய ஒரு போர்வை வேண்டும் என்பதே நோக்கம்.

இருவரும் பல பொருள்களை ஆக்கி விலங்குகளிற் சோதித்தனர். எதுவும் புண் மூடுவதை விரைவுபடுத்தவில்லை. அவற்றுள் ஒன்று, மாறாகப் புண் சுருங்கி மூடுவதைத் தாமதப்படுத்தியது. அவர்கள் தேடியது விரைவு, கிடைத்ததோ தாமதம். வேறொருவராயின் அதனை எறிந்திருப்பர். யன்னாஸ் எறியாமல் உற்று நோக்கினார். அப்புண்ணின் அடியில் வழக்கமான தழும்பு இல்லை. புதிய உட்தோல் வளர்ந்திருந்தது. வளர்ந்தோரின் உட்தோல் அழிந்தால் மீண்டும் முளையாது, தழும்பே உண்டாகும் என்பது அதுவரை வைத்தியர்கள் கொண்டிருந்த துணிவு. அத்துணிவு அங்கே தளர்ந்தது.

அப்பொருளின் அமைப்பு எளிதன்று. ஆயினும் விளங்கிக்கொள்ளக் கூடியதே. மாட்டிலிருந்து பெற்ற கொலாஜின் என்னும் புரதத்தையும், சுறாவின் குருத்தெலும்பினின்று பெற்ற ஒரு மாச்சத்தினப் பொருளையும் இணைத்து, கடற்பஞ்சு போல் நுண்டுளைகள் நிறைந்த தாளொன்றை ஆக்கினர். அதன்மேல் சிலிக்கோன் படலமொன்றைப் போர்த்தனர். மேற்படலம் நீர் வற்றாமலும் கிருமி புகாமலும் காத்தது. அடித்தாளின் துளைகளுள் நோயாளியின் கலங்களும் குருதிக் குழாய்களும் புகுந்து வளர்ந்தன. கட்டடம் எழுந்தபின் சாரத்தைக் கழற்றுவது போல, அத்தாள் தானாகவே கரைந்து போயிற்று. சில வாரங்களின் பின் சிலிக்கோனை உரித்து, நோயாளியின் மேற்றோலை மிக மெல்லிதாக எடுத்து அவ்விடத்தில் ஒட்டினர். உடம்பு இதனை ஏன் துரத்தவில்லை? அத்தாளில் அயலானின் உயிர்க்கலம் ஒன்றும் இல்லை. கொலாஜினோ விலங்குக்கு விலங்கு பெரிதும் வேறுபடாதது. மெடவார் கண்ட காவலன் உறங்கவில்லை. அவன் பகைவனென்று கருதும் ஒன்று அங்கே இருக்கவில்லை.

1981 இல், உடம்பிற் பாதியும் அதற்கு மேலும் எரிந்த பத்து நோயாளிகளுக்கு இப்போர்வையை இட்ட செய்தியைப் பேர்க்கும் யன்னாசும் வெளியிட்டனர். 1996 இல் அமெரிக்க அரசு அதன் பயன்பாட்டுக்கு அங்கீகாரம் அளித்தது. இத்தோலில் மயிர் முளையாது. வியர்வைச் சுரப்பியும் இல்லை. இயற்கைக்கு முற்றும் ஈடன்று. ஆயினும் உயிர் காத்தது.

இதனை யாருடைய கண்டுபிடிப்பு என்பது? பேர்க் புண்ணை அறிந்தவர்; நாரை அறியார். யன்னாஸ் நாரை அறிந்தவர், புண்ணை அறியார். ஒருவர் மற்றவரின் துறைக்குட் சென்று, நாணமின்றிக் கேள்வி கேட்டமையே அக்கண்டுபிடிப்பின் வேர்.

இஃது அயல்நாட்டுச் செல்வர்க்கே இயலும் என்று சொல்வாரும் உளர். நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்குக் கவிழ்ந்து எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து வந்தவர் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புற. புண்ணைத் தைப்பதோடு அவர் அமையவில்லை; விளக்கையே திருத்த முற்பட்டார். குட்டையாய், கனமாய், தடித்த கண்ணாடியாய், உருளாதபடி பக்கங்கள் தட்டையாய், மூடி திருகி இறுக்கக் கூடியதாய் ஒரு விளக்கை அமைத்தார். 1998 இல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார். அங்கே பொறியியலாளர் புண்ணை நாடிச் சென்றார். இங்கே வைத்தியர் கண்ணாடியை நாடிச் சென்றார். இரண்டாவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியிருக்கவில்லை.

ஒன்றையேனும் ஆழக் கல்லாது பலவற்றைத் தொட்டுத் திரிபவன் எதற்கும் உதவான் என்று என் சக ஆசிரியர்கள் கூறுவர். அஃது உண்மையே. யன்னாஸ் தம் துறையை ஆழக் கற்றிராவிடின் பேர்க்குக்கு அவரால் ஆவதொன்றில்லை. உயர்தரப் பிரிவுகளை நீக்கவேண்டும் என்பதும் என் கருத்தன்று. பரீட்சை பரீட்சையாகவே இருக்கட்டும். மாணவன் ஒரு பாடத்தை விடலாம். அப்பாடத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையை விடலாகாது. "அஃது உன் பாடமன்று" என்னும் சொல்லை நம் வகுப்பறைகளில் எத்தனை முறை கூறுகின்றோம்! யானும் கூறியிருக்கின்றேன். கணிதம் கற்பவன் உடம்பைத் தன்னுடையதன்றெனவும், உயிரியல் கற்பவன் உலோகத்தையும் கண்ணாடியையும் தனக்குப் புறம்பெனவும் கருதும் மனச்சுவரைக் கட்டியது பாடத்திட்டம் மட்டுமன்று, நாமுமே.

ஆதலின், பழைய மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம் செய்கின்றேன். உங்களுள் வைத்தியர் பலர், பொறியியலாளர் பலர். விழாக்காலத்தில் மண்டபத்துக்கும் மதிலுக்கும் பொருள் உதவுகின்றீர்கள், நன்றி. ஆண்டுக்கொரு நாள், ஒரு வைத்தியரும் ஒரு பொறியியலாளரும் ஒன்றாகக் கல்லூரிக்கு வாருங்கள். இரு பிரிவு மாணவரையும் ஒரே மண்டபத்தில் இருத்தி, உங்கள் தொழிலில் இன்னும் விடை காணாத ஒரு கேள்வியை அவர்கள் முன் வையுங்கள். விடை கூறவேண்டா. கேள்வியைத் தெளிந்த தமிழிற் சொல்வதற்கு உதவி தேவைப்படின், தமிழாசிரியர்களாகிய நாங்கள் இருக்கின்றோம்.

எதை விடுவது என்று என்னிடம் கேட்ட மாணவன் இன்று பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்கின்றான். விடுமுறையில் வரும்பொழுது, அன்று கூறாது விட்ட விடையை அவனுக்குக் கூறுவேன். அவனுக்குப் பின் வருவோர்க்கேனும் அவ்விடை காலத்தே கிடைக்கட்டும்.