நிவாரணத்தின் இரு கரைகள்

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என முன்னோர் இட்ட இப்பெயர்கள் திசை குறித்தனவேயன்றித் தரம் குறித்தனவல்ல. அவற்றைத் தரப்பெயர்களாக மாற்றிய பெருமை சர்வதேச மனிதாபிமான உதவி முறையையே சாரும்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி, டச்பார் முதலிய எழுவான்கரைப் பகுதிகளைச் சூறையாடியது. உலகம் வாரி வழங்கியது. பேரலை தாக்கிய நாடுகள் அனைத்துக்குமாகச் சேர்ந்த சர்வதேச உதவி ஏறக்குறைய 1,350 கோடி அமெரிக்க டொலர். உதவி நிறுவனங்கள் தாமே கூடி நடத்திய மதிப்பீடொன்று 2006இல் வெளியாயிற்று. பேரலையாற் பாதிக்கப்பட்டோருக்குத் தலைக்கு 7,100 டொலர் என்றும், அதே 2004இல் பங்களாதேஷ் வெள்ளத்தில் தவித்தோருக்குத் தலைக்கு 3 டொலர் என்றும் அது கணக்கிட்டது. அவலத்தின் அளவை டொலர் பின்தொடரவில்லை. படப்பிடிப்புக் கருவியையே பின்தொடர்ந்தது.

இதனை உணரப் பங்களாதேஷ் வரை செல்ல வேண்டியதில்லை; வாவியைக் கடந்தாற் போதும். 2011 ஜனவரிப் பெருவெள்ளம் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்தது. அவர்களுட் பெரும்பாலோர் கிழக்கு மாகாணத்தவர். அறுவடையை எதிர்நோக்கி நின்ற பெரும்போக வேளாண்மை படுவான்கரையில் வட்டை வட்டையாக நீரில் அமிழ்ந்தது. மண்முனையில் அந்நாளிற் பாலம் இல்லை. அது திறக்கப்பட்டது 2014இல். அதுவரை ‘பாதை’ எனப்படும் மிதவையே இரு கரைகளையும் இணைத்தது. போரினால் இடம்பெயர்ந்து மீண்டும் குடியேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த மக்கள் அவர்கள். அவ்வெள்ளத்துக்காக ஐக்கிய நாடுகள் விடுத்த அவசர வேண்டுகோள் 5 கோடி 10 இலட்சம் டொலர். கேட்ட தொகை முழுவதும் வந்திருந்தாலும் தலைக்கு ஏறத்தாழ 50 டொலரே தேறும். கேட்பதிலேயே இத்துணைக் கூச்சம்!

முன்னைய கணக்கில் மீள்கட்டுமானமும் அடங்கும், பின்னையது அவசர உதவி மட்டுமே என்று சிலர் வாதிடலாம். வாதம் சரியே. ஆயின், படுவான்கரைக்கு மீள்கட்டுமானம் வேண்டாம் என்று தீர்மானித்தவர் யார்?

நோயின் வேர் இதுவாகும்: அனர்த்தம் நிகழ்ந்த பின்னரே வேண்டுகோள் எழுதப்படுகின்றது, கொடுப்பதும் மறுப்பதும் கொடையாளி நாட்டின் விருப்பம். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் தாக்கியபோதும் இதுவே நடந்தது. அமைதிப்படைச் செலவுக்கு உறுப்பு நாடு ஒவ்வொன்றும் விதிக்கப்பட்ட பங்கைச் செலுத்தக் கடமைப்பட்டுள்ளது. பசித்த வயிற்றுக்கு மட்டும் அக்கடமை இல்லை. 2005 டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபை மத்திய அவசரகால நிதியத்தை விரிவாக்கியமை நற்செயலே. ஆனால் அதன் ஆண்டு இலக்கு 100 கோடி டொலராக உயர்த்தப்பட்ட பின்னர் ஒரு முறையேனும் அவ்விலக்கு எட்டப்பட்டதில்லை. அந்நிதியும் ஐ.நா. முகவரகங்களுக்கே நேராகச் செல்லும். உள்ளூர்ச் சங்கமொன்று அதன் வாயிலிற் கால்வைக்க இயலாது.

உள்ளூர்ச் சங்கங்களிடம் பணம் கொடுத்தால் கணக்குக் காட்டமாட்டா என்பது கொடையாளரின் வழக்கமான சாட்டு. 2016இல் இஸ்தான்புல் மாநாட்டில், 2020ஆம் ஆண்டளவில் மனிதாபிமான நிதியில் நான்கிலொரு பங்கை இயன்றவரை நேராக உள்ளூர் அமைப்புகளுக்கு வழங்குவோம் என ஒப்பியவர்களும் இவர்களே. நேராக வந்த பங்கு ஒற்றை இலக்க வீதத்தைத் தாண்டவில்லை. இந்தக் கணக்கை யார் காட்டுவது? பேரலைக்குப் பின்னர் அளவுக்கு மிஞ்சிய மீன்பிடிப் படகுகளை, கடலுக்கு உதவாத சிலவற்றையும் சேர்த்து, இந்நாட்டுக் கரைகளிற் குவித்தவர்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அக்கணக்கு வேறாயிருக்கும். முதல் நாட்களில் உயிர்களைக் காத்தோர் பெரும்பாலும் அயலவரே என்பதை அந்த 2006ஆம் ஆண்டு மதிப்பீடும் மறுக்கவில்லை.

மட்டக்களப்பின் வெள்ளம் எதிர்பாராத விருந்தாளியன்று. வடகீழ்ப் பருவக்காற்று ஆண்டுதோறும் வருகின்றது. வாவி நிறைந்ததும், முகத்துவாரத்து மணல்மேட்டை எப்பொழுது வெட்டுவது என்ற விவாதம் கமக்காரருக்கும் மீனவருக்குமிடையே எழுகின்றது. நீர்மட்டத்தை அவர்களைவிட நன்கறிந்தவர் ஜெனீவாவில் எவருமிலர். 2020 ஜூலையிற் பங்களாதேஷில் வெள்ளம் உச்சத்தை அடையுமுன்பே அதே அவசரகால நிதியம் 52 இலட்சம் டொலரை விடுவித்தது. முன்னறிவிப்பை நம்பி முற்பணம் கொடுக்க இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அங்கு இயன்றது வாவிக்கரையில் ஏன் இயலாது? உறுப்பு நாடுகளின் கட்டாயப் பங்களிப்பிலிருந்து மாவட்டத்துக்கென ஒரு நிலையான வைப்பு. மழையும் வாவி நீர்மட்டமும் குறித்த அளவைத் தொட்டதும் எவருடைய இரக்கத்தையும் எதிர்பாராமற் பணம் விடுபடும் ஏற்பாடு. அப்பணத்தின் பெரும்பகுதி கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றுக்கு நேராகச் செல்லுதல். வரவும் செலவும் தமிழில் எழுதப்பட்டுக் கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரில் ஒட்டப்படுதல். கொழும்பிலும் ஜெனீவாவிலும் செலவான பங்கும் அதே தாளில் இடம்பெறவேண்டும். கணக்குக் கேட்கும் உரிமை கொடுத்தவருக்கு மட்டும் உரியதன்று. வெல்லாவெளியில் வேளாண்மையை இழந்து நிற்பவருக்கும் அது உண்டு.