கோவளம் குப்பத்தாருக்கு ஒரு மடல்

ஜோகுபாளையம், பெங்களூர்.

கோவளம் குப்பத்து நாட்டாருக்கும், பஞ்சாயத்தாருக்கும், மீன்கூடை சுமக்கும் தாய்மாருக்கும்:

1809-இல் வெள்ளையரின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு வந்து தண்டு அமைத்த நாள் தொட்டுத் தமிழர் குடியேறிவரும் அல்சூரை ஒட்டி, அலையென்பதே அறியாத ஓர் ஏரியின் அருகே, முப்பது வருஷங்களாக வாசம் செய்கிறேன். சொந்த ஊர் கோவளம் என்றால், "கேரளமா?" என்கிறார்கள், முட்டுக்காட்டுக்குத் தெற்கே உள்ளது என்று விளக்கி விளக்கியே பாதி ஆயுள் கழிந்தது.

1752-இல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த கோட்டை நின்ற கரையில் தாஜ் குழுமத்தின் உல்லாச விடுதி எழுந்ததற்கோ, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி ஞாயிறுகளில் கார்கள் வரிசை கட்டுவதற்கோ நான் விசனப்பட்டவனல்லேன். நம் குப்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்குப் பள்ளி நடத்தி அந்நிய தேசத்தாருக்கும் அவ்வித்தையைக் கற்பிக்கிறார்கள் என்று கேட்டுப் பரம சந்தோஷம் அடைந்தேன். கட்டுமரத்தின் உடைந்த மரத்துண்டின்மேல் நின்று நாங்களும் அலையேறி வந்தவர்களே; அதற்குக் கட்டணம் வாங்கலாம் என்பதுதான் எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆயினும், தூய கடற்கரைகளுக்குத் தரப்படும், 33 நிபந்தனைகளைக் கொண்ட நீலக்கொடிச் சான்று 2021-இல் நம் கடற்கரைக்குக் கிட்டியதைப் படித்தபோது, பெருமிதத்தோடு ஒரு கலக்கமும் உண்டாயிற்று. என் ஆயா நெத்திலியைப் பரப்பிக் காக்கை ஓட்டிய மணலுக்கும், வாடை வலுக்கும் நாளில் படகுகளை மேலேற்றும் மேட்டுக்கும், கரைவலை இழுப்போர் கால் ஊன்றும் இடத்துக்கும் எவர் பெயரிலும் பட்டா கிடையாது. சர்க்கார் பாஷையில் அது புறம்போக்கு, நமக்கோ அதுவே ஜீவனம். காயும் கருவாடு விருந்தினர் மூக்கில் அசுத்தமாகப் படும் ஒரு நாளில், பட்டா இல்லாத இடம் எத்தனை சுலபமாகக் கைநழுவும்!

2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்று விதித்தது. நம் களம் அதில் உள்ளதா என்று பஞ்சாயத்தார் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும் என்பதே என் விண்ணப்பம். நான் வசிக்கும் இடத்தில் பாளையம் என்ற பெயர் தங்கியிருக்கிறது; பழைய கிராமத்தின் எல்லையைச் சுட்டிக்காட்டுவாரைத்தான் காணோம்.

மாசி மகத்துக்கு வருகிறேன். கரைவலையின் எல்லை எதுவரை என்று கிழவர்கள் நடந்து காட்டினால், நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொள்ளச் சித்தமாயிருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் குப்பத்துப் பிள்ளை