முதலில் காளையைப் பாருங்கள்

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் பெரியப்பா வீடு. போன கோடையில் அங்கே தங்கியிருந்தபோது ஒரு விடியற்காலை, கட்டுத்தறியில் கறவை மாடு ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. பெரியப்பா எழுந்து போய் வாலை ஒதுக்கிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி வழும்பு இறங்கியிருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார். "சார், காலைல கத்துது. சாயந்திரமா வந்து ஊசி போட்டா சரியா இருக்கும். இந்த வாட்டி கெடேரிக் கன்னு மட்டும் போடற ஊசி இருந்தா அதையே கொண்டாங்க. காளைக் கன்ன வெச்சிக்கினு நான் என்னா பண்றது?"

போனை வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். பெரியம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பேச்சு வழக்கம்போல மருமகள்கள் பக்கம் போனது. பெரிய அண்ணிக்கு இரண்டும் பெண் குழந்தைகள். சின்ன அண்ணிக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், இன்னும் குழந்தை இல்லை. "ஒருத்தி பொட்டையாப் பெத்துப் போட்டா. இன்னொருத்தி வயிறே தொறக்கல. என்னா ராசியோ, நமக்குன்னு வந்து வாச்சிதுங்க" என்றார் பெரியப்பா. மாட்டைப் பற்றிப் பேசி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அந்தப் போன் பேச்சுக்குள் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று பாருங்கள். மாடு சுமார் 21 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். சினைமுட்டைப் பையில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போகும்போதுதான் அந்தக் கத்தலும் வழும்பும். அதே ஈஸ்ட்ரோஜன் மூளைக்குச் செய்தி அனுப்பி, பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.எச். என்ற ஹார்மோனை வெள்ளமாகத் திறந்துவிடும். பருவம் அடங்கிச் சுமார் 10, 12 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். ஆகவே காலையில் கத்துகிற மாட்டுக்குச் சாயந்திரம் ஊசி. பெரியப்பாவுக்கு எல்.எச். என்ற பெயர் தெரியாது. அதன் நேர அட்டவணை அவருக்கு மனப்பாடம்.

அந்தக் 'கெடேரிக் கன்னு ஊசி' இன்னும் சுவாரசியமானது. காளையின் விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் அணுவில் டி.என்.ஏ. சுமார் 4 சதவீதம் அதிகம். சாயம் ஏற்றி, லேசர் ஒளியில் ஒவ்வொரு அணுவாக ஓடவிட்டு, அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து இயந்திரம் பிரித்துவிடும். அந்த ஊசி போட்டால் பத்துக்கு ஒன்பது கன்று கிடேரி. அதாவது கன்று கிடேரியா காளையா என்பதை முடிவு செய்வது ஊசிக்குள் இருப்பது, மாடு இல்லை. இது பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த ஊசியைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். காளைக் கன்று போட்டதற்காக அவர் மாட்டைத் திட்டி நான் பார்த்ததில்லை.

என் சண்டை பெரியப்பாவோடு மட்டுமில்லை. 'விழிப்புணர்வு' என்ற வார்த்தையோடும்தான். எங்கள் மாவட்டத்தைப் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்கள்: படிப்பறிவு இல்லை, மூடநம்பிக்கை, விழிப்புணர்வு தேவை. பெண் சிசுக்கொலைக்காகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது, 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்று 1994-இலேயே சட்டம் போட்டாயிற்று. ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் போர்டு தொங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆணுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண், தருமபுரியில் 913. கையடக்க ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு ஆணா பெண்ணா என்று சொல்லிக்கொண்டிருந்த கும்பல் 2022-இல் இங்கேதான் பிடிபட்டது. காசு சேர்த்து, புரோக்கரைப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் அந்த வீடு வரை போகிறவருக்கு என்ன விழிப்புணர்வு குறைச்சல்? போர்டில் இருப்பது தெரிந்ததால்தானே ரகசியமாகப் போகிறார்!

கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. கிடேரி பால் கறக்கும், காளைக் கன்று தீவனம் தின்னும். வீட்டுக்குள் அதே கணக்கைத் திருப்பிப் போடுகிறார்கள். பையன் நிலத்தை வைத்துக்கொள்வான், பெண் நகையோடு வெளியே போவாள். விஞ்ஞானம் இரண்டு இடத்திலும் ஒன்றே. மாட்டு விஷயத்தில் அதை ஒப்புக்கொண்டால் லாபம். வீட்டில் ஒப்புக்கொண்டால் பெரிய அண்ணனைக் கூப்பிட்டு "உன்னாலதாண்டா" என்று சொல்ல வேண்டிவரும்.

சின்ன அண்ணி விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு மத்தியானம், "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்களேன்" என்று ஒரு ஃபைலை என்னிடம் கொடுத்தார். நாலு வருஷத்து மருத்துவம். எஃப்.எஸ்.எச்., எல்.எச்., தைராய்டு, புரோலாக்டின், ஏ.எம்.எச். என்று எல்லா ரத்தப் பரிசோதனையும் இருந்தது. கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே இருந்தது. "அன்னிக்கு வலியில செத்துட்டேன் தம்பி" என்றார். முட்டை வளர்ச்சிக்கு மாத்திரை எட்டு மாதம். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். 'கணவருக்கு விந்துப் பரிசோதனை' என்று மூன்று தடவை டாக்டர் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அண்ணன் போகவில்லை. "எனக்கென்னா கொறச்சல், ஆம்பள தானே நான்" என்றாராம்.

காளையை இந்த நாட்டில் யாரும் இப்படி நம்புவதில்லை. உறைவிந்து நிலையத்தில் காளைக்கு முதலில் நோய்ப் பரிசோதனை. பிறகு ஒவ்வொரு முறை எடுக்கிற விந்தையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். உறையவைத்து, மறுபடி உருக்கி, பாதி அணுக்களாவது நீந்துகிறதா என்று பார்ப்பார்கள். நீந்தவில்லையென்றால் அந்தத் தொகுதி முழுக்கக் குப்பைக்குப் போகும், காளை எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் சரி. தேறியதுதான் மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில் ஊர் ஊராக வந்து சேர்கிறது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பார்க்கிற சோதனைக்கு ஊசி குத்துவதுகூடக் கிடையாது. ஒரு சின்ன டப்பாவும் பத்து நிமிஷத் தனிமையும் போதும்.

"மனுஷியும் மாடும் ஒண்ணா?" என்று கோபம் வரலாம். நியாயம். சினை பிடிக்காத மாடு கடைசியில் சந்தைக்குப் போகும், அங்கிருந்து அடிமாடாக லாரி ஏறும். அதைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உடம்பு போட்டிருக்கும் ஏற்பாடு அவ்வளவு தூரம் வேறல்ல. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் சுரக்கும் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன்தான் இந்த முழு வரிசையையும் தொடங்கிவைக்கிறது. ஆண்ட்ரூ ஷேலியும் ரோஜர் கில்லமினும் லட்சக்கணக்கான பன்றி மூளை, ஆட்டு மூளைகளை அரைத்துத்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1971-இல் அமைப்பு தெரிந்தது, 1977-இல் நோபல் பரிசு. பத்து அமினோ அமிலம் கொண்ட சின்னச் சங்கிலி. பன்றியிலும் ஆட்டிலும் மாட்டிலும் மனுஷியிலும் அதே பத்து, அதே வரிசை. என் அண்ணனுக்குள்ளும் அதேதான், விந்தணு உற்பத்தியைத் தொடங்கிவைக்கச் சுரந்துகொண்டிருக்கிறது.

அந்த ஜி.என்.ஆர்.எச். வயிற்றையும் கணக்கில் வைத்துக்கொள்ளும். கன்று ஈன்ற மாடு தின்பதைவிட அதிகமாகக் கறந்தால் அதன் துடிப்பு மந்தமாகும், மாடு பருவத்துக்கு வராது. பெரியப்பா உடனே தாது உப்பு வாங்கிவந்து தீவனத்தில் கலப்பார். பெண்ணுக்கும் அப்படித்தான்: சாப்பாடு குறைந்து உடம்பு இளைத்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது சின்ன அண்ணி. நான் இருந்த ஒரு வாரமும் அப்படித்தான். நானும் முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைப் போனில் படிக்கும் நண்பர்களே, "எங்க பெரியப்பாவும் இப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். 'மலடி' என்ற சொல்லை நாம் விட்டுவிட்டோம். அந்த இடத்தில் 'ஹார்மோன் இம்பேலன்ஸ்' வந்து உட்கார்ந்திருக்கிறது. பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு டீ, பி.சி.ஓ.எஸ்.ஸுக்குப் பொடி, முப்பது நாள் சேலஞ்ச் என்று ரீல்ஸ் வருகிறது, எல்லாமே பெண்களைப் பார்த்து. பி.சி.ஓ.எஸ். பொய் என்று சொல்லவில்லை, அதன் அவதி நிஜம். ஆனால் ஜிம்மில் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் பையனிடம் யாராவது ஹார்மோன் பற்றிப் பேசுகிறோமா? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் மூளை, "போதும், இருக்கிறது" என்று எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் அடக்கிவிடும். விந்தணு உற்பத்தி சரியும், சிலருக்கு நின்றே போகும். புஜம் பார்க்க ஜோராகத்தான் இருக்கும். விந்தணு ஒன்று உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டரை மாதம் வேண்டும் என்பதால், ஊசியை நிறுத்திய மறுநாளே எல்லாம் திரும்பியும் விடாது.

ஊருக்குக் கிளம்பும் அன்றைக்குச் சின்ன அண்ணனிடம் பேசிப் பார்த்தேன். காளைக்குச் செய்வதையெல்லாம் சொன்னேன். சிரித்தார். "பாக்கலாம்டா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். உள்ளே வந்தால் அலமாரியில் மாட்டின் சினை ஊசி அட்டை இருந்தது. ஊசி போட்ட தேதிக்குப் பக்கத்தில் காளையின் எண்ணும் இனமும் எழுதியிருந்தது. அதன் கீழே அண்ணியின் ஃபைல். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். நாலு வருஷத்துக் காகிதத்தில் அண்ணன் பெயர் 'கணவர் பெயர்' என்ற கட்டத்தில் மட்டும் இருந்தது.