ஆணி இருப்பது காந்தத்துக்கு எப்படித் தெரியும்?



கடந்த பள்ளி விடுமுறையில் வீட்டு அலமாரியைத் துப்புரவு செய்தபோது, 2005-ஆம் ஆண்டின் பாடக்குறிப்பேடு ஒன்று கையில் அகப்பட்டது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்த காலம் அது. காந்தத்தைப் பற்றிய பாடத்துக்குக் கீழே, சிந்தனை மீட்சிப் பகுதியில், 26 மாணவர்களில் 24 பேர் நோக்கத்தை அடைந்தனர் என்று எழுதி வைத்திருந்தேன். தலைமையாசிரியரின் கையொப்பமும் இருந்தது.

அடையாத இருவருள் ஒருவனை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பயிற்சித்தாளை வெறுமையாகவே கொடுத்தவன் அவன். ஆனால் அன்றைய வகுப்பில் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டவனும் அவன் ஒருவன்தான்.

"டீச்சர், ஆணி அங்க இருக்குன்னு காந்தத்துக்கு எப்படித் தெரியும்?"

அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை 2003-இல் நடப்புக்கு வந்திருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆங்கிலத்தில் கேள்" என்றேன். அவன் சற்று நேரம் நின்றான். பிறகு உட்கார்ந்துவிட்டான். வகுப்பு சிரித்தது. நான் அடுத்த நடவடிக்கைக்குப் போய்விட்டேன். அந்த ஆண்டு முடியும்வரை அவன் அறிவியல் பாடத்தில் வேறெதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பழியைக் கொள்கையின்மீது மட்டும் போட்டுத் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அவன் ஆங்கிலத்தில் கேட்டிருந்தாலும் என்னிடம் விடை இருந்திருக்காது. "காந்தம் இரும்பை ஈர்க்கும்" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. என் அறியாமையை மறைத்துக்கொள்ள மொழி ஒரு திரையாகப் பயன்பட்டது. அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியின் வயது

பின்னாளில் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அந்தச் சிறுவன் கேட்டது சிறுபிள்ளைத்தனமான கேள்வியன்று. ஐசக் நியூட்டனைத் தூங்கவிடாத கேள்வி அது. 1687-இல் ஈர்ப்பு விதியை வெளியிட்ட நியூட்டன், பூமியும் நிலவும் எவ்வளவு விசையோடு இழுத்துக்கொள்கின்றன என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் இடையில் ஒன்றுமே இல்லாமல், ஒரு பொருள் தொலைவில் இருக்கும் இன்னொரு பொருளை எப்படி இழுக்க முடியும் என்பது அவருக்கும் புரியவில்லை. 1693-இல் ரிச்சர்டு பென்ட்லி என்பவருக்கு எழுதிய மடலில், அப்படி நடக்கும் என்று நம்புவது பெரும் மடமை என்றே குறிப்பிட்டார். அதாவது, "பூமி அங்க இருக்குன்னு நிலவுக்கு எப்படித் தெரியும்?" என்பதே அவருடைய கவலை.

விடை வருவதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆயின. அதைத் தந்தவர் பெரிய கணித மேதையல்லர். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 14 அகவையில் நூல் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்த மைக்கேல் பாரடே. உயர்நிலைக் கணிதம் அவருக்கு வராது. ஆனால் காந்தத்தின்மேல் தாளை வைத்து, இரும்புத்தூளைத் தூவி, அது அமையும் கோலத்தை ஊன்றிப் பார்க்கும் பொறுமை இருந்தது. 1820-இல் மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே திசைகாட்டி முள் திரும்புவதை டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் கண்டறிந்த செய்தியும் அவருக்குத் தூண்டுகோலாயிற்று.

பாரடே சொன்னது இதுதான்: காந்தத்தின் ஆற்றல் காந்தக் கட்டையோடு முடிந்துவிடுவதில்லை. அதைச் சுற்றியுள்ள இடமே மாறிப்போகிறது. அப்படி மாறிய இடத்தை அவர் ஆங்கிலத்தில் வயலைக் குறிக்கும் எளிய சொல்லால் அழைத்தார். நாம் அதைப் 'புலம்' என்கிறோம். வயலுக்கும் நிலத்துக்கும் நம் முன்னோர் வழங்கிய சொல் அது. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! நெல்வயலில் எந்த இடத்தில் காலை வைத்தாலும் அங்கே நீருக்கு ஓர் ஆழம் உண்டு. ஓரிடத்தில் கணுக்கால் அளவு, ஓரிடத்தில் முழங்கால் அளவு. அதுபோலவே காந்தப் புலத்தில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வலிமையும் ஒரு திசையும் உண்டு.

ஆகவே அந்த மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது: "தம்பி, ஆணி இருப்பது காந்தத்துக்குத் தெரியவே தெரியாது. காந்தம் தன்னைச் சுற்றியுள்ள இடத்தை மாற்றி வைத்திருக்கிறது. ஆணி தான் இருக்கும் இடத்தில் உள்ள புலத்தால் தானும் ஒரு சிறு காந்தமாகிறது. புலம் வலுவாக உள்ள பக்கம் இழுக்கப்படுகிறது."

நான்கு வாக்கியங்கள். ஏழு அகவைப் பிள்ளைக்கு இது முழுதும் புரியாமல் போகலாம். ஆனால் கேள்வி பெரியது என்பதாவது அவனுக்குப் புரிந்திருக்கும்.

புலம் என்பது வெறும் கற்பனையா?

"கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிப் பிள்ளைகளைக் குழப்புவானேன்?" என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் புலம் என்பது நம் வசதிக்காகக் கட்டிய கதையன்று. பாரடேயின் எண்ணத்துக்கு 1865-இல் கணித உருவம் தந்தவர் ஜேம்சு கிளார்க் மேக்ஸ்வெல். மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து அலையாகப் பயணம் செய்ய முடியும் என்றும், அந்த அலையின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போகிறது என்றும் அவர் காட்டினார். அப்படியானால் ஒளியும் புலத்தில் எழும் அலையே! 1887-ஆம் ஆண்டு தொடங்கி ஐன்ரிக் எர்ட்சு செய்த ஆய்வுகள் அத்தகைய அலைகளை உண்டாக்கிக் காட்டின. இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வரும் படமும் பாட்டும் அந்தப் புலத்தின் வழியாகத்தான் வருகின்றன.

புலத்தில் ஏற்படும் மாற்றம் நொடிக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் பரவும். உடனே எங்கும் போய்ச் சேர்ந்துவிடாது. ஈர்ப்புக்கும் அப்படியே. கதிரவன் இந்தக் கணமே மறைந்துவிட்டதாகக் கற்பனை செய்துகொண்டாலும், பூமி ஏறத்தாழ 8 நிமிடங்களுக்குத் தன் பாதையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 1915-இல் ஐன்சுடைன் வகுத்த கோட்பாட்டின்படி ஈர்ப்பிலும் அலைகள் எழ வேண்டும். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில், அமெரிக்காவின் லைகோ ஆய்வுக்கூடம் அந்த அலையைப் பதிவு செய்தது. ஏறக்குறைய 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு கருந்துளைகள் ஒன்றிணைந்த செய்தி அது.

துகளும் புலமும்

இயற்பியல் இதற்கு மேலும் ஒரு படி சென்றிருக்கிறது. நாம் 'துகள்' என்று சொல்லும் எலக்ட்ரான் சின்னஞ்சிறு கோலிக்குண்டன்று. எலக்ட்ரான் புலத்தில் எழும் ஓர் அதிர்வு என்பதே இன்றைய விளக்கம். எங்கே எடுத்தாலும் எல்லா எலக்ட்ரான்களும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருப்பதற்கும் இதுவே காரணம். எல்லாம் ஒரே புலத்தின் அதிர்வுகள் அல்லவா?

நாம் இதுவரை அறிந்த அடிப்படை விசைகள் நான்கு. மின்காந்த விசைக்கு உரிய துகள் போட்டான். அணுக்கருவைக் கட்டிவைக்கும் வன்விசைக்கு உரியது குளுவான். கதிரவன் எரிவதற்குத் துணைசெய்யும் மென்விசைக்கு உரிய துகள்கள் 1983-இல் செர்ன் ஆய்வு மையத்தில் கண்டறியப்பட்டன. நான்காவது ஈர்ப்பு விசை. அதற்கென ஒரு துகள் இருப்பதாக இதுவரை யாரும் கண்டறியவில்லை. விசைகளைச் சுமக்கும் இத்தகைய துகள்களுக்குப் 'போசான்' என்று பெயர். டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது 1924-இல் தம் ஆய்வை ஐன்சுடைனுக்கு அனுப்பிய சத்தியேந்திரநாத் போஸ் அவர்களின் பெயரால் வந்த பெயர் அது. 2012-இல் கண்டறியப்பட்ட இக்ஸ் போசானின் பெயரிலும் அவர் இருக்கிறார்.

இவற்றையெல்லாம் ஆண்டு 1 பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசிரியருக்கு இது தெரிந்திருந்தால், பிள்ளையிடம் தவறானதைச் சொல்லாமல் இருப்பார். அதுதான் என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு. தொட்டால் செயல்படும் விசை, தொடாமல் செயல்படும் விசை என்று நாம் பட்டியலிடுகிறோம். வகைப்படுத்தக் கற்றுத்தர அது உதவும். ஆனால் நாற்காலியை என் கை தள்ளும்போது என்ன நடக்கிறது? என் விரலின் அணுக்களில் உள்ள எலக்ட்ரான்களும் நாற்காலியின் எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தடுக்கின்றன. மின்விசையும், இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்னும் பௌலியின் விதியும் அதற்குக் காரணங்கள். ஆழ்ந்து பார்த்தால், 'தொடுதல்' என்று நாம் சொல்வதும் புலங்களின் வேலைதான். "உண்மையில் எதுவும் எதையும் தொடுவதில்லையா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், பட்டியலைக் காட்டி வாயடைக்காதீர்கள். பட்டியல் வசதிக்காக, இயற்கை அதற்குக் கட்டுப்பட்டதன்று.

நாம் செய்யக்கூடியவை

நான் கற்பித்துவந்த பாடத்திட்டத்தில் காந்தம் ஆண்டு 1-இலும், விசை ஆண்டு 6-இலும் வருகின்றன. காந்தப் புலம் என்ற சொல் இடைநிலைப்பள்ளியில்தான் தலைகாட்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளையின் கேள்வி உலர்ந்துவிடுகிறது. அதைக் காக்க நான்கு வழிகள் எனக்குத் தோன்றுகின்றன.

1. முதலில் புலத்தை உணரச் செய்வோம். வகுப்பறையில் காற்றாடிக்குக் கீழே, சன்னல் அருகே, கதவோரம் எனப் பல இடங்களில் வெப்பநிலையை அளந்து, தரைப்படத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கிடைக்கும். அதுவே எளிய புலம். அடுத்து, காந்தத்தைச் சுற்றிச் சிறிய திசைகாட்டிகளை வைத்து, ஒவ்வொரு முள்ளும் காட்டும் திசையை வரையச் சொல்லுங்கள்.

2. இரும்புத்தூள் காட்டும் கோடுகள் கயிறுகள் அல்ல என்பதைச் சொல்லுங்கள். தூள்கள் சிறு காந்தங்களாகி வரிசையில் நிற்கின்றன. கோடுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்திலும் புலம் உண்டு. 'கண்ணுக்குத் தெரியாத கைகள்' என்ற உவமையும் வேண்டா. அதைப் பிறகு பிடுங்கி எறிவது கடினம்.

3. விசை, ஆற்றல், சக்தி, வேகம் ஆகிய சொற்களைப் பேச்சில் நாம் கலந்து பேசுகிறோம். அறிவியல் பாடத்திலாவது ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்போம்.

4. தெரியாததைத் தெரியாது என்போம். நியூட்டனுக்கே தெரியாதது நமக்குத் தெரியாமல் போவதில் என்ன இழிவு?

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

2003-இல் தொடங்கிய கொள்கை பின்னர் படிப்படியாக விலக்கப்பட்டது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. எந்த மொழியில் அறிவியல் படிப்பது என்று இன்றும் பெற்றோர் கூட்டங்களில் காரசாரமாகப் பேசுகிறோம். ஆங்கிலம் வேண்டா என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவள் அல்லள் நான். பிள்ளைகள் நாளை ஆங்கிலத்திலும் மலாய்மொழியிலும் இதே இயற்பியலைப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கேள்வி என்பது பிள்ளைக்கு எந்த மொழியில் மனம் வேலை செய்கிறதோ அந்த மொழியில்தான் பிறக்கும். பிறந்த இடத்திலேயே அதை நெரித்துவிட்டால், பிறகு எந்த மொழியில் பாடம் நடத்தி என்ன பயன்?

பிள்ளை வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தை ஒட்டி விளையாடும்போது, "இதெல்லாம் தேர்வில் வருமா?" என்று கேட்காதீர்கள். ஒரு தாள்கவ்வியை எடுத்துக் கொடுங்கள். அதை இவ்வளவு பெரிய பூமி முழுதும் சேர்ந்து கீழே இழுக்கிறது. விரலளவுக் காந்தம் எதிர்நின்று மேலே தூக்கிவிடுகிறது. எந்த விசை வலியது என்று பிள்ளையையே கேட்டுப் பாருங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இப்போதெல்லாம் காந்தப் பாடம் வரும்போது, நானே அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன்: "ஆணி இருப்பது காந்தத்துக்கு எப்படித் தெரியும்?" யார் முதலில் கேட்டது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்தப் பள்ளிக்கூட வாழ்க்கையில் எனக்கு முன்னால் அமர்ந்திருந்த ஒரு மாணவன் என்பேன். அவனுக்கு இப்போது முப்பதை நெருங்கும் அகவை இருக்கும். எங்கிருக்கிறானோ தெரியாது.

26-இல் 24 என்று எழுதிய அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. பென்சிலால் 25 என்று திருத்திவைத்தேன். அன்று நோக்கத்தை அடையாதவர் இன்னும் ஒருவர் உண்டு. பட்டியலில் பெயர் இல்லாத ஆசிரியை அவர்.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை