ஊர் என்றொரு நகரமும் புலிமான்கோம்பைக் கல்லும்

திண்டுக்கல் பக்கம் நாலு மாணவர்கள் வரலாறு பேச உட்கார்ந்தால் இந்த வாதம் வராமல் இருக்காது. "சுமேரியாவில் ஊர்னு ஒரு நகரமே இருந்துச்சு தெரியுமா? அப்போ அவங்க தமிழர்கள்தான்!" கேட்பவர்களும் பெருமையாகத் தலையாட்டுவார்கள்.

ஒரே ஒரு சொல்லை வைத்து இரண்டு நாகரிகங்களுக்குக் கல்யாணம் செய்து வைப்பது என்ன நியாயம்? சுமேரியர்கள் அந்த நகரத்தை 'உரிம்' என்றுதான் அழைத்தார்கள். அவர்கள் மொழி எந்தக் குடும்பத்திலும் சேராத தனிமொழி என்றே மொழியியலாளர்கள் கருதுகிறார்கள்.

உண்மையான ஒற்றுமை வேறு இடத்தில் இருக்கிறது. சுமேரிய மொழியில் 'ஏ' என்றால் வீடு, கடவுளின் வீடும் அதுதான். 'ஏ-கல்', அதாவது பெரிய வீடு, அரண்மனை. தமிழில் கோயில் என்ற சொல் அரண்மனையையும் குறித்தது. 'இறை' என்றால் கடவுள், அரசன், வரி! (வரி கட்டியவனுக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.) லகாஷ் நகரத்தின் சொந்தக்காரர் நிங்கிர்சு என்ற தெய்வம், ஆள்பவர் வெறும் காரியஸ்தர். 1750-ல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரைப் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, பத்மநாபதாசனாக ஆண்டதும் இதே யோசனைதான். அதற்காக அவரை யாரும் சுமேரியர் என்று சொல்வதில்லையே?

கணக்கிலும் இதே கதை. சுமேரிய அரசர் பட்டியலில் முதல் ராஜா அலுலிம் ஆண்டது 28,800 வருஷம். கில்காமேஷுக்கு 126 தான், பாவம். இங்கே இறையனார் களவியல் உரை முதல் சங்கத்துக்கு 4,440 வருஷம் தந்து, சிவனையும் முருகனையும் புலவர்களோடு உட்கார வைக்கிறது. பழமைக்குக் காட்டும் மரியாதையை எல்லா ஊரிலும் எண்ணில்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் வித்தியாசம்தான் சுவாரசியம். கி.மு. 23-ஆம் நூற்றாண்டில் அக்காத் அரசன் நாராம்-சின் உயிரோடிருக்கும்போதே தெய்வமானான். மக்கள் தெய்வங்களிடம் கேட்டு வாங்கித் தனக்குக் கோயில் கட்டியதாகக் கல்வெட்டும் வைத்தான். தெய்வங்களுக்கே உரிய கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு அவன் நிற்கும் கல் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தப் பக்கம் பாருங்கள். 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்ட கல். ராஜா இல்லை, மாட்டுக்காக நடந்த சண்டையில் செத்த ஒருவன். இப்படிப்பட்ட கற்களுக்கு மயில்பீலி சூட்டிக் கள் படைத்ததைப் புறநானூறு சொல்கிறது. அங்கே உயிரோடிருந்த அரசன் கேட்டு வாங்கியதை, இங்கே செத்துப்போன சாதாரண ஆளுக்கு ஊர் தானாகவே கொடுத்திருக்கிறது.

பெருமைப்பட இது போதாதா? வைகைக் கரையில், பக்கத்து மாவட்டத்தில்தான் அந்த ஊர். 'ஊர்' பற்றி விடிய விடியப் பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது எந்தத் திசை என்று தெரியும்?